தாக்குப் பிடித்தவை

வானகரத்தில் நான் மருந்துக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆன்டிபயாட்டிக் அட்டையைக் கத்தரித்து ரெண்டு ரெண்டாகக் கொடுப்பதுதான் என் வழக்கம். சளியா, வயிற்றுப்போக்கா, நீர்க்கடுப்பா, எதுவானாலும் ரெண்டு. ஐந்து நாளைக்கு எழுதித் தரும் டாக்டர்களைக் கம்பெனி ஏஜென்ட் என்று கிண்டல் பண்ணுவேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

என் மனைவி ஞானகுமாரிக்கும் அதே வைத்தியம்தான். வருஷத்துக்கு நாலைந்து தடவை நீர்க்கடுப்பு வரும். ரெண்டு மாத்திரையில் எரிச்சல் அடங்கும். "சரியா பூட்ச்சுங்க" என்பாள். நானும் விட்டுவிடுவேன்.

இப்போது அவள் வேலப்பன்சாவடி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீரில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. டாக்டர் ரேவதி பரிசோதனைத் தாளைக் காட்டினார். பதினெட்டு மருந்துகளின் பெயர்கள். பதினேழு வேலை செய்யாது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு மேடம்?"

"எங்கேர்ந்தும் வரலை. கோடிக்கணக்கான கிருமியில ஒண்ணு ரெண்டு தற்செயலா மருந்தைத் தாங்குற மாதிரி பிறக்கும். மருந்து போட்டதும் மத்ததெல்லாம் செத்துடும். இடம் முழுக்க இதுக்குத்தான். அதோட வாரிசுங்க எல்லாமே தாங்கும். தேவையில்லாம, அரைகுறையா அடிக்கடி மருந்து போட்டா, நாமளே பொறுக்கி எடுத்து வளர்க்கிற மாதிரி."

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். அது கேட்டால் பிழைப்பாள். நாளைக்குத் தெரிந்துவிடும்.

பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது. அந்த உடம்புக்குள் நான் பொறுக்கி எடுத்தவை குடியிருக்கின்றன. அவற்றுக்கு என்மேல் கோபம் கிடையாது. என்னை யாரென்றே தெரியாது. கண்ணை மூடினால் அவை பெருகிக்கொண்டே போகின்றன.

சாயங்காலம் எங்கள் சபைப் பெண்கள் நாலு பேர் ஜெபம் பண்ண வந்தார்கள். ஒவ்வொருவரையும் பார்க்கும்போது எனக்கு நான் கொடுத்த மாத்திரைதான் ஞாபகம் வந்தது. இவளுக்குத் தொண்டை, அவள் பிள்ளைக்குக் காது. இவர்களுக்குள்ளும் எது பிழைத்துக் கிடக்கிறதோ. ஜாஸ்லின் என் கையைப் பிடித்து உயர்த்திக்கொண்டு ஜெபித்தாள்.

"ஆண்டவரே, பால்ராஜ் அண்ணனோடது ராசியான கை. ரெண்டே மாத்திரைல எங்க புள்ளைங்கள எல்லாம் காப்பாத்திகினு வந்த கை. இந்தக் கைக்காகவாவது எங்க அக்காவ எழுப்பி வுடுப்பா."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் எழவில்லை.

ஞானம் சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தாள். "இன்னாங்க, நீங்க மட்டும் சொல்லல?"

அவளிடம் அத்தனையையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆமென்" என்றேன்.