விலை சொல்லாத யோசனை

ஜவுளிக்கடைக்காரர் நாற்பது வருஷம் துணி விற்றவர். "அப்பா, நீங்க ஓய்வெடுங்க" என்று மகன் அவரைக் கல்லாவிலிருந்து கிளப்பிவிட்ட பிறகு, மொட்டைமாடியில் நாற்று வளர்க்கப் பசுமைக்குடில் கட்டினார். இடித்த வீட்டு ஜன்னல்கள் நான்கு, வளைத்த பிளாஸ்டிக் குழாய் ஆறு, மேலே தடித்த பாலித்தீன் தாள். உள்ளே தட்டுகளில் முந்நூறு குடைமிளகாய் விதை. முந்நூறையும் நாற்றாக்கிச் சந்தையில் விற்றுக் காட்டுகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்பும் மார்தட்டியிருந்தார். சொதப்பினால் அந்த வீட்டில் அவர் பேச்சு செல்லாக்காசு.

முளை விட்ட அன்று மனைவியின் தம்பி வந்தான். நாற்றுப் பண்ணை வைத்திருப்பவன், அதாவது, போட்டிக்காரன். குடிலுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தான்.

"மாமா, பகல்ல ரெண்டு பக்கமும் திறந்து வைங்க. காத்து ஓடணும். தண்ணியையும் குறைங்க."

"இதுக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா சொன்னேன்."

அங்கேதான் கடைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. சும்மாவா? 'அந்தச் சரக்கு சாயம் போகும், எடுக்காதீங்க' என்று எதிர்க்கடைக்காரன் சும்மா சொன்ன துணியைத்தான் அவர் வண்டி வண்டியாக வாங்கி நல்ல லாபத்துக்கு விற்றிருக்கிறார். ஆகவே, திற என்றால் மூடு. இடுக்கையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தார். பூட்டும் போட்டார். தண்ணீரை இன்னொரு குவளை கூட்டினார்.

நாலாம் நாள் பாலித்தீனின் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. ஒரு வரிசை நாற்று, மண்ணை ஒட்டித் தண்டு கறுத்து, குடிகாரன் மாதிரிச் சாய்ந்து கிடந்தது. மறுநாள் இன்னும் இரண்டு வரிசை.

"எதையோ ஊத்திட்டான் உன் தம்பி."

"ஆமா, பூட்டுன குடிலுக்குள்ள ஆவியா வந்து ஊத்தினான்," என்றாள் மனைவி.

"சாவி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதுவும் அவரை உறுத்தியது.

அடுத்த நாள் வெளியே போவதாகச் சொல்லிக் கிளம்பி, தெருமுனை வரை போய், உச்சிவெயிலில் பூனை நடையாக மாடியேறினார். பூட்டு திறந்திருந்தது. மைத்துனன் உள்ளே நின்று டேப்பை உரித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டினியா!"

"மாட்டிட்டேன், வாங்க. இந்த ஜன்னலைக் கொஞ்சம் பிடிங்க, செங்கல் முட்டுக்கொடுக்கணும். அக்காதான் எல்லாம் சொல்லிச் சாவி குடுத்தா." நெற்றி வேர்வையை வழித்து உதறினான். "உள்ள நின்னு பாருங்க மாமா, மூச்சு முட்டுது. ஈரம் தேங்கித் தண்டு அழுகுது. இதுக்கு விஷம் எதுக்கு, உங்க டேப்பே போதுமே! இப்பவே திறந்தா நூத்தெண்பது தேறும்."

"தேறினா உனக்கென்ன லாபம்?"

"எனக்கு ஒண்ணும்…"

கடைக்காரரின் புருவம் நெரிந்தது. கை, தொங்கிய டேப்பை மறுபடி ஒட்டப் போனது. மைத்துனன் அதைக் கவனித்துவிட்டான். தொண்டையைச் செருமினான்.

"எனக்கு அறுபது நாத்து. அதான் என் விலை."

கடைக்காரருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "அறுபதா? கொள்ளையடிக்க வந்தியா? இருபது."

"அம்பது."

"முப்பது. அதுக்கு மேல ஒரு இலை கிடையாது."

"சரி, முப்பது."

திருடன் என்ன திருட வந்தான் என்பது ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் நிம்மதியாக மறுபக்கத்து டேப்பைத் தானே உரித்து, ஜன்னலை அகலத் திறந்துவிட்டார்.