வெஸ்லியின் அம்மா

என் பிள்ளையை நீ எந்த வயிற்றில் சுமந்தாய், கேசி?

கடையின் ஒலிபெருக்கியில் தங்கையின் பாட்டு வரும்போதெல்லாம் ரீத்தா மனதுக்குள் இதைத்தான் கேட்டாள். கை தன்பாட்டுக்குப் பாலுக்கும் ரொட்டிக்கும் பில் போட்டது. கேசியின் முதல் பாட்டு. பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்தில் வெளிவந்ததிலிருந்து வானொலிக்காரர்கள் அதை விடுவதாயில்லை. மழையில் ஓடைக்குள் கவிழ்ந்த டிரக், பதினேழு வயதுப் பையன், வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கும் தாய். பாட்டில் வருவதெல்லாம் ரீத்தாவுக்கும் அவள் மகன் வெஸ்லிக்கும் நடந்தது. 'என் மகனே' என்று உருகுகிற கேசிக்குப் பிள்ளையே கிடையாது.

கேசிதான் அந்தத் தாய் என்று வெளியூர்க்காரர்கள் நம்பினால் நம்பட்டும். போன ஞாயிறு, வெஸ்லிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே பாதிரியார், இந்த வருடக் கல்லறைத் திருநாளில் அவன் பெயரைக் கேசி கூப்பிடுவாள் என்று அறிவித்தார். கென்டக்கியின் இந்த மலையில், மே மாதத்தில் கல்லறைகளுக்குப் பூ வைத்த பின், இறந்தவர்களின் பெயரை அவரவர் வீட்டில் மிக நெருங்கியவர்தான் எழுந்து நின்று கூப்பிடுவார். தேவாலயத்தில் ஒருவர்கூட ரீத்தாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிலர் கை தட்டினார்கள்.

திருநாளுக்கு முந்தின மாலை, ரசிகர்கள் வெஸ்லியின் கல்லறையில் விட்டுப்போன பீர் டின்களை அவள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேசி வந்தாள். புது பூட்ஸ் சேற்றில் படாமல் புல்மேல் நின்றாள்.

"கோவமாக்கா?"

"குப்பை பொறுக்குறேன்."

பாட்டென்றால் எல்லாரும் 'நான்' என்றுதான் பாடுவார்கள் என்றாள் கேசி.

"பாடிக்கோ. டிவியில உக்காந்து, எம்புள்ள போயிட்டான்னு ஏன்டி அழுத?"

"அவன் எனக்கும் புள்ள மாதிரிதானேக்கா. கிட்டார் பிடிக்க நான்தானே கத்துக்குடுத்தேன்."

அது பொய்யில்லை. அதனாலேயே ரீத்தாவுக்கு அறையவேண்டும் போலிருந்தது. வெஸ்லி கேசியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் உண்மை. அதையும் சேர்த்தல்லவா விற்றுவிட்டாள்.

நாளைக்குக் கேமராக்காரர்கள் வருகிறார்களாம். தேவாலயத்துக்கு அவர்களே புதுக் கூரை போட்டுத்தருவதாகப் பேச்சாம். ரீத்தா பக்கத்தில் நின்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டால் போதுமாம்.

"இப்ப உண்மைய சொன்னா என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்ருவாங்க. ஒரே ஒரு தடவை, அக்கா. அவன் பேரை நான் கூப்பிட்டுக்கிறேன்."

கேசி நிஜமாகவே பயந்திருந்தாள். சின்ன வயதில் இடி இடித்தால் போர்வைக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும் அதே முகம். ரீத்தாவின் கோபம் குறையவில்லை, குரல்தான் இறங்கியது.

"எம்புள்ளய நான் கூப்பிடுவேன். உனக்குக் கேக்கணும்னா எல்லாரோடயும் பின்னாடி நில்லு. கேமரா கல்லறை கேட்டுக்குள்ள வரவேண்டாம்."