பாட்டுக்கு வராதவள்

1

இந்தக் கதை கேக் மேல் ஸ்ட்ராபெரி அடுக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. கிடைத்தது என்ன, தலையில் விழுந்தது.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஒதாரு ஊர் சூப்பர்மார்க்கெட்டில் கிறிஸ்துமஸ் பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஜப்பான் முழுக்க இதே கூத்துதான். எந்தப் பாட்டை எடுத்தாலும் பனி பெய்யும். யாராவது யாருக்காகவாவது காத்திருப்பார்கள். அவற்றில் ‘பனி ஏறிய குடை’ எல்லோருக்கும் செல்லம். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், ஸ்டேஷன் வாசலில் ஒருவன் குடையோடு நிற்கிறான். வருகிறேன் என்றவள் வரவில்லை. கடைசி ரயிலும் போய்விடுகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்த மெட்டு இருக்கிறதே, ஒருமுறை கேட்டால் நாள்முழுக்க விடாது.

கேக் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் மிதோரி அன்றைக்கும் ஆரம்பித்தாள்.

“இவளெல்லாம் ஒரு பொம்பளையா? வரலன்னா வரலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? பாவம், அந்த மனுஷன் பனியில நிக்கறான்!”

க்ரீம் பையைப் பிழிந்துகொண்டிருந்த சிகுசா தலை நிமிராமல் சொன்னார்: “சொன்னேனே.”

“யாரு சொன்னது?”

“நான்தான். போன்லயே சொன்னேன். வரமாட்டேன்னு தெளிவாத்தான் சொன்னேன்.”

மிதோரியின் கையிலிருந்த ஸ்ட்ராபெரி உருண்டு தரையில் விழுந்தது.

2

இதை எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாடு:

‘பனி பொழியும் மாலையில், ஜன்னலோரம், கண்ணீர் ததும்ப ஓர் இளம்பெண்…’

அடித்துவிட்டேன். கண்ணீர் இல்லையாம். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “அண்ணன் வீட்ல பொரிச்ச கோழி சாப்பிட்டேன். அப்புறம் நல்லாத் தூங்கினேன்” என்றார்.

‘வேறொருவனை மனதில் வரித்திருந்த அவள்…’

அதுவும் போச்சு. வேறொருவனும் இல்லை.

“அப்ப ஏன் போகல?” என்றேன்.

“பிடிக்கல.”

“கெட்டவரா?”

“சேச்சே, ஷுன்சாகு நல்லவன். கல்லூரில ரெண்டு பேரும் சேர்ந்து பாடினோம். நல்லாப் பாடுவான். ஆனா அவன்மேல எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் தோணல. அவ்வளவுதான்.”

வாசகரே, ‘தோணல’ என்பதை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எத்தனை கஷ்டம் தெரியுமா? (பாட்டு எழுதுவதும் கஷ்டம்தான் போலிருக்கிறது. அதனால்தான் ஷுன்சாகு விஷயத்தையே மாற்றிவிட்டார்.) அந்த ஒரு பாட்டில் அவர் ஊரறிந்த பாடகரானார். சிகுசா பாடுவதையே விட்டுவிட்டார். கடை விருந்துகளில் மைக் கைக்கு வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிடுவார்; கூச்சம் என்று நினைத்திருந்தோம்.

“முகம் தெரியாதவங்க திட்டினா விட்டுடலாம்” என்றார். மிதோரி பக்கம் திரும்பினார். “முகம் தெரிஞ்சவங்களும் வருஷா வருஷம் திட்டறாங்களே.”

மிதோரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

3

பிராயச்சித்தம் தேடியது மிதோரிதான். கடைவீதியில் இருபத்துமூன்றாம் தேதி பாட்டுப் போட்டி. சிகுசாவைக் கேட்காமலே பேரைக் கொடுத்துவிட்டாள்.

“பாட்டுக்குப் பதில் பாட்டு பாடறது நம்ம ஊர்ல புதுசா என்ன? போய்ப் பாடுங்க, அக்கா. இல்லன்னா நான் மேடையேறி உண்மையச் சொல்லிடுவேன்.”

“மிரட்டறியா?”

“ஆமா.”

[இந்த இடத்தில் சிகுசாவின் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். “அப்படியெல்லாம் யோசிக்கல, பாட்டை ஒருதடவ பாடிப் பாத்தேன், அவ்வளவுதான்” என்றார். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

கடை ஏப்ரனோடுதான் மேடையேறினார். ‘பனி ஏறிய குடை’ மெட்டு தொடங்கியதும் கூட்டம் உச்சுக்கொட்டியது. பலர் கூடவே முணுமுணுத்தார்கள். முதல் சரணத்தை உள்ளபடி பாடினார். அந்தக் குரலை எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்று நானும் மிதோரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது சரணம் அவருடையது:

வரமாட்டேன் என்றேனே, கேட்கவில்லையா?
குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ.
உன்னை அழவைக்க நான் நினைத்ததில்லை,
என்னை நானாக விட்டுவிடு, போதும்.

முதலில் சிரித்தார்கள். நான்காவது வரியில் சிரிப்பு நின்றது. பிறகு மீன்கடைக்காரர் கையை வாயருகே குவித்துக் கத்தினார்: “காதுல விழுந்துச்சாடா, தம்பி?” மறுபடி சிரிப்பு, கைதட்டல்.

(முதல் பரிசு ஒரு பல் டாக்டருக்குப் போனது. கதையில் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “அவர் நல்லாத்தானே பாடினார், விடுங்க” என்றார் சிகுசா.)

4

யாரோ அதைச் செல்போனில் எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம், கேக் வாங்க வாசல்வரை வரிசை. கம்பளித் தொப்பி போட்ட நெட்டை மனிதர் ஒருவர் பொறுமையாக நின்று முன்னால் வந்தார்.

“ஸ்ட்ராபெரி கேக். சின்னது.”

“முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கீங்களா?” என்றார் சிகுசா.

“இல்ல.”

“அப்ப சாக்லேட்தான் இருக்கு.”

அவர் தொப்பியைக் கழற்றினார். சிகுசாவின் கை பெட்டிமேல் அப்படியே நின்றுவிட்டது. ஷுன்சாகு.

“நீ போன்ல சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, சிகுசா.”

“அப்புறமும் ஏன் ஸ்டேஷனுக்குப் போனே?”

“போகல. வீட்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்துதான் எழுதினேன்.”

“அடப்பாவி!” என்றாள் மிதோரி. வரிசையே ஸ்தம்பித்தது.

“‘வரமாட்டேன்’கிறது மெட்டுல உக்காரல. இழுத்துப் பாத்தேன், சுருக்கிப் பாத்தேன். கடைசில…”

“எனக்கு உக்காந்துச்சே.”

“ஆமா. நேத்துலேர்ந்து அதையே கேட்டுக்கிட்டிருக்கேன். ரொம்ப நல்லா உக்காந்திருக்கு.” அவர் அத்தனை பேர் முன்னால் இடுப்புவரை குனிந்தார். “மன்னிச்சிடு.”

நிமிர்ந்ததும் சொன்னார்: “அடுத்த டிசம்பர்லேர்ந்து உன் சரணத்தோடதான் பாடப்போறேன், நீ சரின்னா. நீயும் வந்து பாடுவியா? வரமாட்டேன்னா வரமாட்டேன்னே சொல்லு. இந்தத் தடவ சொன்னபடியே எடுத்துக்கறேன்.”

5

முடிவு வேண்டுமே.

‘மேடையில் இருவரும் கைகோத்து…’

வேண்டாம்.

‘சிகுசா மெல்லத் தலையசைத்து மறுத்தபோது…’

இதுவும் வேண்டாம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிகுசா சாக்லேட் கேக் பெட்டிக்கு ரிப்பன் கட்டினார். கவுண்டருக்கு மேல் எம்பி, ஷுன்சாகுவின் காதருகே ஏதோ சொன்னார். “அடுத்தவங்க வாங்க!” என்று மிதோரி போட்ட சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டுப் பார்த்தேன்.

“என்ன சொன்னீங்க?”

“கேக்க வேண்டியவன் கேட்டுட்டான்” என்று க்ரீம் பையை எடுத்துக்கொண்டார்.

எனவே அந்த வாக்கியம் என்னிடம் இல்லை. வரேன் என்றோ வரமாட்டேன் என்றோ நீங்களே அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: அதைக் கேட்டவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பனியில் இறங்கிப் போனார், சொன்னவர் அன்று கடை மூடும்வரை பாடிக்கொண்டே கேக் விற்றார்.