சீர்த்தட்டில் வைத்த பாஸ்வேர்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. விருந்துச் சாப்பாட்டு அலுப்பில் வீடே சாய்ந்து கிடந்தது. கல்யாணம் முடிந்து பத்தாவது நாள். தங்கச்சி பிரவீனாவும் மாப்பிள்ளை கதிரும் பவானியிலிருந்து முதல் விருந்துக்கு வந்திருந்தார்கள். நான் மட்டும் மாடியறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒரே மெயிலை ஆறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் கணக்கு வேறொருவருக்குக் கைமாற்றப்பட்டதாகச் சந்தேகித்து அதைப் பூட்டியுள்ளோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் உரிமையாளர் யார் என்று உறுதி செய்யாவிட்டால், கணக்கும் அதில் வாங்கிய அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்படும்."

மெயில் நேற்றே வந்திருக்கிறது. கோழி வாங்கவும் இலை வாங்கவும் அலைந்ததில் நான் பார்க்கவில்லை. கைமாற்றியது என்னவோ உண்மைதான். அதைச் செய்த புத்திசாலியும் நான்தான்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் அண்ணன் சீர் என்று ஒன்று வைக்காவிட்டால் ஊர் சும்மா விடாது. வெள்ளித்தட்டு, பித்தளைக் குடம் எல்லாம் அப்பா செங்கோட்டையனே வாங்கிக் குவித்துவிட்டார். நிலத்து வேலையும் முந்தின மாதமே முடிந்திருந்தது. தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்பில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று பிரவீனா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பெண்ணுக்கு நகையும் சீரும், பையனுக்கு நிலமும். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. "ஒரு கையெழுத்து, பேருக்குத்தான் அம்மணி. தோப்பு எங்கயும் போயிறாது. எப்ப வேணா வந்து பாரு" என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். பத்து நிமிஷ வேலை. பத்திர ஆபீசுக்கு எதிரே ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு வந்தோம்.

ஆக, என் பங்குக்கு வைக்க எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானும் பிரவீனாவும் சேர்ந்து விளையாடும் கேம் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தேங்காய் பழத்தோடு சீர்த்தட்டில் வைத்தேன். மண்டபமே சிரித்தது. பிரவீனா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலமே மெயில், போன் நம்பர், விலாசம் என்று எல்லாவற்றையும் அவளுடையதாக மாற்றினேன். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டுமல்லவா? கணக்கைத் திருடி விற்கிறவனும் இப்படித்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவான் என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை. எச்சரிக்கை மெயில் மட்டும் பழைய விலாசமான எனக்கே வந்து சேர்ந்தது.

அந்த விளையாட்டில் ஆற்றங்கரையில் ஓர் ஊரைக் கட்ட வேண்டும். ஒருமுறை வாங்கினால் போதும், எல்லாம் உங்களுக்கே என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்புறம் பாலத்துக்குத் தனிக் காசு கேட்டார்கள். மழைக்காலத்துக்குத் தனிக் காசு. மழையைக்கூடப் பொட்டலம் கட்டி விற்கிற கம்பெனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் யானைக்கும் காசு. எங்கள் தோப்புக்கு வருகிற யானை வேலியைப் பிடுங்கிப் போடுமே தவிர, ஒரு பைசா கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் வாயாரத் திட்டிவிட்டு ஒவ்வொன்றையும் வாங்கினேன். திட்டிக்கொண்டே நம்புகிற ஏமாளி நான்.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். அதனால் பகலில் அவள் கட்டுவாள். துடியலூர்ப் பட்டறையிலிருந்து திரும்பியதும் நான் கட்டுவேன். ஊர் நுழைவில் ஒரு பலகை நட்டு வைத்திருந்தோம். "வடக்கு ரோட்டைத் தொடாதீங்ணா" என்று அவள் எழுதுவாள். "கோயிலுக்குப் பக்கத்துல கோழிப்பண்ணை வெக்கச் சொன்னது யாரு?" என்று நான் எழுதுவேன். பதினோரு வருஷச் சண்டை அந்தப் பலகையில் நடந்திருக்கிறது. மண்டபத்திலிருந்து கார் ஏறும்போது, "புது ஊட்டுல யார்கிட்டங்ணா சண்டை போடுவேன்? பலகையிலயாவது போடறேன்" என்றாள். அந்தப் பலகைதான் இன்னும் ஒரு மணி நேரத்தில் அழியப் போகிறது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மெயிலில் இருந்த படிவத்தைத் திறந்தேன். மாற்றுவதற்கு முந்தைய பெயர்: அருள்குமார். ஏற்றுக்கொண்டது. பிறந்த தேதி போட்டேன். "பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள்." விரல் தவறியிருக்கும் என்று மறுபடியும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். "இன்னும் ஒரு வாய்ப்பு." என் பிறந்த தேதியே எனக்குச் சந்தேகமாகி, பர்சிலிருந்து ஆதார் கார்டை எடுத்துப் பார்த்தேன்.

"ஏனுங்ணா, எல்லாரும் கீழ இருக்கறோம், நீங்க இங்க என்ன பண்ணீட்டிருக்கறீங்க?"

பிரவீனா வாசலில் நின்றாள். மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் மெயிலைப் படித்தாள், படிவத்தையும் பார்த்தாள். முகத்தில் பெரிய மாற்றம் இல்லை.

"என்ற பொறந்த தேதியப் போடுங்க."

"உன்றது எதுக்கு அம்மணி?"

"கணக்கு ஆரம்பிச்சதே நானுங்ணா. ஒம்பதாவது லீவுல. நீங்க அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தீங்க. ஊட்டுக்கு வந்தப்ப நாந்தான் உங்களுக்கு வெளையாடக் கத்துக்குடுத்தேன். வேலைக்குப் போனதும், கார்டு என்னுது, பேரும் என்னுதா இருக்கட்டும்னு மாத்திப்போட்டீங்க. பொறந்த தேதிய மாத்தல."

அவள் தேதியைப் போட்டேன். பூட்டின அடுத்த பக்கம் திறந்தது. அவளுடைய பொருளை அவளுக்கே மஞ்சள் தடவிச் சீராக வைத்திருக்கிறேன். மண்டபம் சிரித்தது இப்போது காதில் கேட்டது.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். கணக்கில் இரண்டு பேரின் விவரம் இருக்கிறதாம். ஒருவர்தான் உரிமையாளராக இருக்கலாமாம். மற்றவர் கீழே உள்ளதைத் தன் கையால் அடித்துப் பெயர் எழுத வேண்டும்: "இந்தக் கணக்கில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. இனி எந்தக் காலத்திலும் கோரமாட்டேன். இதற்குள் நுழையவும் மாட்டேன்."

மணி நாலு இருபது. கீழே அப்பா காரில் தேங்காய் மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது.

"கார்டெல்லாம் என்ற பேர்ல இருக்குது கண்ணு. நீ எழுதிட்டா சிக்கலில்லாம முடிஞ்சுரும். மொதல்ல ஊரக் காப்பாத்துவோம்" என்றேன். "ஒரு கையெழுத்துதான் அம்மணி."

அவள் என்னைப் பார்த்தாள்.

"போன மாசமும் இதையேதானுங்ணா சொன்னீங்க."

கோபமில்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, "இந்தக் கணக்கில் எனக்கு" என்று அடிக்க ஆரம்பித்தாள். யோசிக்கவில்லை, நிறுத்தவில்லை. அந்த வேகம்தான் எனக்குத் தாங்கவில்லை. தனக்கு எதுவும் இல்லை என்று எழுதுவது அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டதா?

"இரு" என்று அவள் கையைப் பிடித்தேன். உரிமையாளர் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். கீழே நான் அடித்தேன். கார்டு ஒருவர் பெயரில், கணக்கு ஒருவர் பெயரில் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் பயம். "இனி எந்தக் காலத்திலும்" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. வெறும் விளையாட்டு. ஆனாலும் நின்றது. எப்படியோ முடித்து அனுப்பினேன். மணி நாலு நாற்பது.

இருவரும் திரையையே பார்த்தோம். கதிர் கீழிருந்து "கெளம்பலாமா?" என்றார். "வாரேனுங்க" என்றாளே தவிர அவள் எழவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு மெயில் வந்தது. கணக்கு பிரவீனாவுக்கு உறுதி செய்யப்பட்டது. ஊர், பாலம், மழை, யானை எல்லாம் பத்திரம். அருள்குமார் இதில் நுழைய முயன்றால் கணக்கு மூடப்படும்.

"தப்பிச்சுதுங்ணா!" என்று அவள் கை தட்டினாள். நானும் சிரித்தேன். பதினோரு வருஷம் கட்டிய ஊர் இருக்கிறது. நான் இனி அதன் வாசலில் நிற்கக்கூட முடியாது.

காரடியில் அப்பா மூட்டையைத் தட்டிக்காட்டி, "நம்ம தோப்புத் தேங்கா கண்ணு, தீந்துதுன்னா சொல்லு" என்றார். பிரவீனா தலையாட்டினாள். ஏறும்போது என் முகத்தைப் பார்த்தவள், கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"பேருக்குத்தானுங்ணா. ஊர் எங்கயும் போயிறாது. பவானிக்கு எப்ப வேணா வாங்க, நான் தெறந்து காட்டறேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கார் திரும்பி ரோட்டில் மறைந்தது. அன்றைக்குப் பத்திர ஆபீசுக்கு எதிரே அவள் ரோஸ்மில்க்கைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்ததும், மிச்சத்தை நான் எடுத்துக் குடித்ததும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.