குடிக்காதவனுக்காக ஒரு ஜெபம்

அந்தச் சபையில் அழுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. ‘சாட்சி அண்ணன்’ என்றால்தான் தெரியும். சோபா, கட்டில், அலமாரி விற்கும் பெரிய கடைக்குச் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்ததும், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து, பேண்ட்டை ஒருமுறை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடிப்பார். சின்ன வயதில் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, சினிமா போஸ்டரை வாய் பார்த்துக்கொண்டு நின்றது, பெருமை, கோபம் என்று ஒவ்வொன்றாக அறிக்கையிடுவார். எல்லாம் துவைத்து இஸ்திரி போட்ட பாவங்கள். ஒன்றினாலும் ஒரு மனிதனுக்குக்கூட நஷ்டம் வந்திருக்காது. குரல் எந்த இடத்தில் உடையும் என்பது கீபோர்டு வாசிப்பவருக்கு அத்துபடி. சரியாக அங்கே மெல்லிசாக ஒரு ராகத்தைத் தொடங்கிவிடுவார்.

முடிக்கும்போது ஒரு விண்ணப்பம் வைப்பார்.

“என் தம்பி குடியில கெடக்கிறான். கர்த்தர் அவனை விடுவிக்கணும்னு ஜெபிச்சுக்கோங்க.”

சபை உச்சுக் கொட்டும். இப்படி ஒரு தம்பிக்கு இப்படி ஓர் அண்ணனா என்று பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தம்பி அந்தச் சபைக்குப் போவதில்லை. ஊரின் மறுகோடியில் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவன் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் சபைக்காரப் பெண் ஒருத்தி இருமல் மருந்து வாங்க வந்தவள், கவுண்ட்டரில் குனிந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கவலைப்படாதே. உன் வீட்டுக்காரருக்காக நாங்க உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம். அந்தக் குடி கண்டிப்பா விட்டுப் போயிடும்.”

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கணவன் வாயில் மோர்வாடைதான் அடித்திருக்கிறதே தவிர வேறு வாடை அடித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவன் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் டிரைவராக இருந்தான், குடித்துவிட்டுக் காரைச் சுவரில் மோதினான், வேலை போயிற்று என்பது மட்டும் தெரியும். ஏதோ வயசுக் கோளாறு என்று அவளும் விட்டிருந்தாள். அன்று மதியச் சாப்பாட்டைக் கடைக்கு எடுத்துப் போனவள் நேராகவே கேட்டாள்.

“குடிக்கிறீங்களா நீங்க?”

டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

“நான் தொட்டதே இல்ல. அன்னிக்கு ஓட்டினது அண்ணன். ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்னு சாவியப் பிடுங்கிட்டுப் போனான். போதையில இருந்ததும் அவன்தான். முதலாளி வந்தப்போ என்னைக் கைகாட்டிட்டான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு, வாயத் திறக்காதேன்னு அம்மா கெஞ்சினாங்க. சரின்னு விட்டுட்டேன்.”

“அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு! இப்பவும் ஏன் வாயத் தைச்சு வச்சிருக்கீங்க?”

“கூடப் பிறந்தவன். சுமந்துட்டுப் போறேன்.”

“நீங்க சுமக்கறது ஒண்ணும் சிலுவை இல்ல. உங்க அண்ணனோட பொய்!”

அன்று சாயங்காலமே சோபாக்கடைக்குப் போனாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா ஒன்றில் சாட்சி அண்ணன் சாய்ந்திருந்தார். அவர் மறுக்கவே இல்லை. அதுதான் இவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“அதையெல்லாம் அப்பவே கர்த்தர்கிட்ட அறிக்கை பண்ணிட்டேம்மா. அவர் மன்னிச்சு மறந்தும் போயிட்டார். அவரே மறந்ததை நாம கிளறக் கூடாது.”

“வேலை போனது கர்த்தருக்கா அத்தான்?”

அவர் சோபாவின் கைப்பிடியைத் தடவினார்.

“சரி, கர்த்தர் மன்னிச்சிட்டார். குடிகாரன்னு வாராவாரம் என் வீட்டுக்காரர் பேரை ஏலம் விடுறீங்களே, அதுவும் கர்த்தர் சொல்லித்தானா?”

“அது... எல்லாருக்கும் ஒரு பாரம் வரட்டுமேன்னு...”

தம்பி குடிகாரனாக இருந்தால் அண்ணன் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவார். அவ்வளவுதான் விஷயம். அவள் வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவனை இழுத்துக்கொண்டு அந்தச் சபைக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சாட்சி அண்ணன் மைக்கைப் பிடித்தார். இவர்களைப் பார்த்தார். வியர்த்தது. ஆனாலும் பழக்கதோஷம், காய்ச்சல் பொய்யில் ஆரம்பித்துவிட்டார். போஸ்டர் வந்தது. கீபோர்டும் தொடங்கியது.

அவள் சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல், மூக்கால் வெடித்த சிரிப்பு.

“ஏம்மா சிரிக்கிறே?” என்றார் போதகர்.

“அவரையே கேளுங்க ஐயா. ஒரே ஒரு பாவம் பாக்கி இருக்கு.”

போதகர் சாட்சி அண்ணனைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். இத்தனை நாள் இந்த அழுகையைக் கேட்டு மயங்கியவர்களில் அவரும் ஒருவர்தான். மெதுவாகச் சொன்னார்.

“மன்னிப்புக் கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயந்துதான் மனுஷன் மறைப்பான். உனக்கு அது நிச்சயம். அப்புறம் என்ன? தைரியமாச் சொல்லு.”

கீபோர்டு நின்றுவிட்டது. சாட்சி அண்ணன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார்.

“அன்னிக்குக் குடிச்சிட்டு வண்டிய மோதினது நான். பழியத் தம்பி மேல போட்டேன். அவன் குடிச்சதே இல்ல.”

ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. சபைக்கு இது பிடிக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. போஸ்டர் பாவத்துக்கு உருகியவர்கள், நிஜப் பாவம் ஒன்று எதிரே வந்து நின்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். உபவாசம் இருந்த பெண் பட்டினி வீணாய்ப் போன எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி எழுந்து போய், “போதும்ண்ணே, வா,” என்று தோளைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. மனைவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாகவா? இன்னும் கொஞ்ச நேரம் அந்த மனிதர் அங்கே நின்று நெளிந்திருக்க வேண்டாமா?

அதன் பிறகு சாட்சி சொல்ல அவரை யாரும் கூப்பிடவில்லை. அவராகவும் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் பழைய டிராவல்ஸ் கம்பெனிக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அங்கே இப்போது முதலாளியின் மகன். அவனுக்கு அந்தக் காரும் தெரியவில்லை, டிரைவரும் தெரியவில்லை. “இதைச் சொல்லவா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று சிரித்தானாம்.

அங்கிருந்து நேராகப் பஞ்சர் கடைக்கு வந்து இதைச் சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தம்பி டயர் வாங்க வெளியே போயிருந்தான். மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவள் மட்டும்தான் இருந்தாள். மைக் இல்லாமல், யாரும் கேட்காமல் அவராகவே இதைப் பேசி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அவன் மன்னிச்சிட்டான். நீ...?” என்றார்.

“கர்த்தருக்கு இருக்கிற வேகம் எனக்கு இல்ல அத்தான்,” என்றாள். “எனக்கு நாளாகும்.”

அவர் தலையை ஆட்டினார். போவதற்குத் திரும்பினார்.

“அவர் வர்ற நேரம்தான்,” என்றாள் அவள், ஸ்டூலில் கிடந்த பழைய டியூப்களை எடுத்துக் கீழே போட்டுவிட்டு. “உக்காருங்க.”