முள்ளங்கி கேக்

தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு கிலோ முள்ளங்கியில் முக்கால்வாசியைத் துருவியதில் என் விரல் முட்டியில் இரண்டு இடத்தில் தோல் உரிந்துவிட்டது. சீனாக்காரர்கள் டிம் சம் என்கிற சிற்றுண்டிக் கடைகளில் விற்கிற முள்ளங்கி கேக் செய்யத்தான் இந்தப் பாடு. துருவலை அரிசி மாவோடு கிளறி, இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன். அது நன்றாக ஆறி இறுகினால்தான் வில்லை போட்டுப் பொரிக்க முடியும். "ஆறுற வரைக்கும் தொடாதீங்க" என்று என் கணவர் டெனிஸிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பாதி கேக்கைக் காணோம். அவர் தட்டில் அது சாம்பாரில் மிதந்துகொண்டிருந்தது.

"என்ன ஜெரூஷா, ஒரே கொழகொழன்னு இருக்கு? உனக்கு இதெல்லாம் வரல, விட்டுடு."

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படமும் போட்டிருந்தார்: 'சைனா இட்லி சொதப்பல்.' அவருடைய அக்கா ஜெயசீலி ஐந்து சிரிப்பு பொம்மைகள் அனுப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சூடா வெட்டினா கொழகொழன்னுதான் இருக்கும். எத்தனை வாட்டி சொன்னேன்?"

"இட்லிய யாராவது ஆற வெச்சு சாப்பிடுவாங்களா?"

மிச்சமிருந்த மூன்று முள்ளங்கியையும் துருவியையும் அவர் முன்னால் வைத்தேன்.

"துருவுங்க. அதையும் படம் எடுத்து குரூப்ல போடுங்க."

முதல் முள்ளங்கி பாதி முடிவதற்குள் விரலைக் கீறிக்கொண்டார்.

"பிளாஸ்திரி எங்க இருக்கு?"

"பன்னெண்டு வருஷமா எங்க இருக்கோ, அங்கதான்" என்றேன்.

ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து தேடினார். நான் எழுந்திருக்கவில்லை.