தண்ணீர் கேட்ட நாரை

மசிக்கா வாயைத் திறந்தால் போதும், மூன்றாம் வகுப்பு மொத்தமும் சிரித்துவிடும். எல்லைக்கு அந்தப்புறம் கொங்கோவிலிருந்து வந்த பிள்ளை. அவள் நாக்கில் 'ர' நிற்காது. வழுக்கிக்கொண்டு போய் 'ல' ஆகிவிடும். "டீச்சல், தண்ணி குடிச்சிட்டு வலேன்" என்று அவள் எழுந்தால், பின்வரிசையிலிருந்து "வலேன், போலேன், தலேன்" என்று ஒரு குரல் கிளம்பும். அது கசைஜாவின் குரல்.

கசைஜாமேல் முழுசாகக் கோபப்படவும் கபஹூமா டீச்சரால் முடியவில்லை. பயல் தலைமையாசிரியர் புசிங்கே மாதிரி வயிற்றை முன்னால் விட்டு நடப்பான். முட்டையிட இடம் தேடும் கோழியாக மாறுவான். பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவே தும்மலை அடக்கப் படும் பாட்டைச் செய்து காட்டுவான். ஒருநாள் டீச்சரைப் போலவே சாக்பீஸ் ஒடிந்ததும் உச்சுக்கொட்டிக் காட்டினான். திட்டப் போன கபஹூமா திரும்பி நின்று கரும்பலகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதாயிற்று.

முதலில் அவள் எல்லா டீச்சர்களும் செய்வதைத்தான் செய்தாள். 'எல்லோரிடமும் அன்பாக இருப்போம்' என்று பலகையில் எழுதிப் போட்டாள். பிள்ளைகள் ஒரு பிழை இல்லாமல் எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டு வெளியே போய்ச் சிரித்தார்கள். அடுத்து, மசிக்காவுக்கு ஒரு செல்லப்பெயர் வைத்தாள். டோரோ ஊரில் அது இல்லாமல் யாரும் யாரையும் பிரியமாகக் கூப்பிட முடியாது. டீச்சருக்கு அட்யேரி, தலைமையாசிரியருக்கு அராலி, கசைஜாவுக்கு அப்பூலி. "இன்னியிலேர்ந்து மசிக்கா நமக்கு அப்வோலி. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடணும்" என்று அறிவித்தாள். கூப்பிட்டார்கள்தான். "அப்வோலீ, வலியா? போலியா?" என்று மைதானம் முழுக்கத் துரத்திக் கூப்பிட்டார்கள். செல்லப்பெயரே கேலிப்பெயராகிவிட்டது.

அதன்பிறகு மசிக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் பள்ளி விட்டதும் அவள் குழாயடிக்கு ஓடி, இரண்டு கையையும் குவித்து மூச்சுவிடாமல் தண்ணீர் குடிப்பதைக் கபஹூமா பார்த்தாள். காலையிலிருந்து அந்தப் பிள்ளை குடிக்கவில்லை. அனுமதி கேட்க எழுந்து நின்று பேச வேண்டுமே, அதற்குப் பயந்து தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பெற்றோர் தினத்துக்கு மூன்றாம் வகுப்பு நாடகம் போடும் என்று மறுநாள் கபஹூமா சொன்னாள். கதை சின்னதுதான். சதுப்பு நிலத்தில் கொண்டைக் கொக்குகள் கூட்டமாக வாழ்கின்றன. வேற்றூரிலிருந்து ஒரு பெருநாரை வந்து தண்ணீர் கேட்கிறது. கொக்குகள் அதன் குரலைக் கேட்டுச் சிரித்து விரட்டுகின்றன. கடைசியில் மனம் திருந்துகின்றன.

விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போய்விட்டது.

"அட்யேரி, நாடகத்துல எனக்கு வேஷம் இல்லையா?"

"சார், இது பிள்ளைங்க நாடகம் சார்."

"கொக்குங்களுக்கு ஒரு ராஜா இருக்கும்ல? கடைசில வந்து அன்பைப் பத்தி நாலு வார்த்தை சொல்லட்டுமே. நானே எழுதிக்கறேன்."

நாலு வார்த்தை என்றவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். போதாததற்குத் தன் தலை அளவுக்குக் கொண்டையும் செய்யச் சொன்னார்.

நாரை வேடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. வசனம் அதிகம் என்று தெரிந்ததுமே கசைஜா பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டான். வெண்ணெய்ப்பழ மரத்தடியில் ஒத்திகை நடந்தது. மக்காச்சோளப் பூக்களைக் கட்டிக் கொக்குகளுக்குக் கொண்டை. வாழைச்சருகில் நாரைக்கு இறக்கை. மசிக்கா பேச வேண்டாத வேடம் கேட்டாள். அவளுக்குக் கோரைப்புல் வேடம். ஆளுயரக் கோரைத் தண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

முதல் நாளே கசைஜா, "டீச்சர், நாரை வெளியூருதானே? மசிக்கா மாதிரியே பேசட்டுமா?" என்றான்.

"வாயிலேயே போடுவேன்" என்றாள் கபஹூமா.

கோரைப்புல் வாய் திறந்தது. "பேசட்டும் டீச்சல். ஆனா சலியா பேசணும். அவனுக்கு அது வலவே இல்ல."

கசைஜாவுக்குச் சுருக்கென்றது. அவன் கலையில் குறை சொன்னவர் இதுவரை யாருமில்லை. "வரலையா? எனக்கா?" என்று கழுத்தை ஆட்டி, கண்ணை உருட்டி, "எனக்குக் கொஞ்சம் தண்ணி தலுவீங்களா" என்றான். கொக்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. மசிக்கா சிரிக்கவில்லை.

அன்று மற்றவர்கள் போனபிறகும் அவன் போகவில்லை. அறுந்த கொண்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த கபஹூமாவின் காதில் இருவர் பேச்சும் விழுந்தது.

"அப்ப நீயே சொல்லிக்குடு."

"கழுத்த ஆட்டாத. நான் அப்படியா பேசுலேன்?"

"பின்ன எப்படி?"

"கையப் பிசைவேன். நீ பாத்ததே இல்லையா?"

"எதுக்குப் பிசையணும்?"

"நீங்க சிலிக்கப் போலீங்கன்னு தெலியும்ல. அதான்."

ஒரு வெண்ணெய்ப்பழம் தொப்பென்று விழுந்தது. கசைஜா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகக் கேட்டான்: "எந்தக் கை மேல இருக்கணும்? வலதா, இடதா?"

"வலது."

அதற்குமேல் தினமும் பாடம் நடந்தது. மசிக்கா வாத்தியாராகிவிட்டால் லேசுப்பட்டவள் இல்லை. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அவளுடைய சுவாகிலிச் சொல் ஒன்றை அவன் சொல்லப்போய், அது ஏதோ ஏடாகூடமான அர்த்தமாகிவிட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்பை அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டது.

பெற்றோர் தினத்தன்று கபஹூமா ஓரத்தில் நின்று கூட்டத்தை எட்டிப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே வந்த மசிக்காவின் அம்மா, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாரை 'ல' என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டால்? அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? முன்னால் தரையில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள், அன்று விசேஷமாகச் சர்க்கரை போட்ட கேழ்வரகுக் கஞ்சியைக் குவளை குவளையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கசைஜா வந்தான். கோழி, பாதிரியார் எவருமே அவன் உடம்பில் இல்லை. களைத்துப்போன ஒரு பறவை வந்தது. வலக்கை மேலே இருக்க, கையைப் பிசைந்தது. "லொம்ப தூலத்துலேலுந்து வலேன். கொஞ்சம் தண்ணி தலுவீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு தாய் "ச்சோ" என்றாள்.

"போ, போ! உன் பேச்சே சரியில்ல. உனக்கெல்லாம் தண்ணி கிடையாது!" என்றாள் துசிமே. கொக்குகளிலேயே பெரிய கொக்கு அவள். மைதானத்தில் "அப்வோலீ" என்று துரத்துவதிலும் அவள்தான் முதல் ஆள்.

பொடிசுகளில் ஒருத்தி எழுந்தாள். கயேசு என்று பெயர். முன்பல் இரண்டும் கிடையாது. நேரே நாரையிடம் போய்க் குவளையை நீட்டினாள்.

"இந்தா, குடி."

"இப்ப இல்ல, போய் உக்காரு" என்று நாரை பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது.

"பரவால்ல, குடி. இன்னும் இருக்கு."

துசிமே வசனத்தை விடுகிற ஆளில்லை. "அதுக்குக் குடுக்காதே! அது அசிங்கம்!" என்று உரக்கச் சொன்னாள்.

அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பு மொத்தமாக எழுந்தது. பாதிப் பேர் குவளையோடு நாரையிடம் ஓட, மீதிப் பேர் கொக்குகள்மேல் பாய்ந்தார்கள். "கெட்ட கொக்கு! கெட்ட கொக்கு!" என்று முதுகில் சாத்தினார்கள். மக்காச்சோளப் பூக்கள் பறந்தன. அன்பைக் கற்பிக்க வந்த நாடகத்தில் அடிதடி! கபஹூமா ஓடிவருவதற்குள் துசிமேயின் கொண்டை இரண்டாகப் பிய்ந்து, அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அடிக்காதீங்க! அவங்க நல்லவங்கதான், சும்மா நடிக்கலாங்க!" என்று கத்தியது நாரை. கூச்சல் குழப்பத்திலும் கசைஜா மசிக்காவின் பேச்சை விடவில்லை.

கோரைப்புல் அசைந்தது. மசிக்கா தண்டைக் கீழே போட்டுவிட்டு, ஒரு பொடிசின் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டு துசிமே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அழாத. உனக்கு வேல கொண்டை செஞ்சி தலேன். இத குடி."

அத்தனை பேர் முன்னால், உரத்த குரலில், அவளுடைய நாக்கு எப்படிச் சொல்லுமோ அப்படியே சொன்னாள். துசிமே விக்கிக்கொண்டே குவளையை வாங்கினாள். பாதி குடித்துவிட்டு, மீதியை மசிக்காவிடமே நீட்டினாள். பொடிசுகள் அடிப்பதை நிறுத்திவிட்டு, இனி யாரை அடிப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

கொக்கு ராஜா கொண்டையோடு, காகிதங்களோடு ஓரத்தில் தயாராக நின்றிருந்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, தன் கொண்டையைக் கழற்றித் துசிமே தலையில் வைத்தார். அது அவள் மூக்குவரை இறங்கிவிட்டது.

"டீச்சர், கதை முடிஞ்சுதா இல்லையா? அந்த நாரைக்குத் தண்ணி கிடைச்சுதா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டாள்.

"தண்ணி எங்கம்மா? கஞ்சிதான் கிடைச்சுது!" என்றான் கசைஜா. "வயிறு வெடிக்குது!"

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. மசிக்காவின் அம்மா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டாள்.

அதோடு மூன்றாம் வகுப்பு தங்கமாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். கசைஜாவின் பாதிரியாருக்கு இன்னும் தும்மல் வந்துகொண்டுதான் இருந்தது. மசிக்கா எழுந்து வாசிக்கும்போது எங்காவது ஒரு களுக் கேட்கும். உடனே துசிமே திரும்பி ஒரு முறை முறைப்பாள், களுக் அடங்கிவிடும். அப்வோலி என்ற பெயரும் நிலைத்தது. ஆனால் இப்போது அதைத் துரத்திக்கொண்டு கூப்பிடவில்லை. பந்து விளையாட ஆள் சேர்க்கும்போது கூப்பிட்டார்கள்.

அடுத்த மலைச்சரிவிலிருந்த பள்ளிக்கூடத்துக்காரர்கள், அந்த நாடகத்தை அடிதடியோடு சேர்த்தே தங்கள் பிள்ளைகளுக்கும் போட்டுக்காட்ட வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். தேயிலைத் தோட்டத்து லாரியில் எல்லாரும் ஏறினார்கள். புறப்படும்போது மசிக்கா டீச்சரின் கையைச் சுரண்டினாள்.

"டீச்சல், எனக்கு இந்த வாட்டி புல்லு வேணாம்."

"சரி, நாரையா வர்றியா? உனக்குத்தான் அது நல்லா வரும்."

"ம்ஹும். கெட்ட கொக்கு."

"கெட்ட கொக்கா! ஏன்டி?"

"எப்படி செய்யணும்னு எனக்குத்தான் நல்லா தெலியும்" என்றாள் மசிக்கா. எழுந்து இடுப்பில் கையை வைத்து, உதட்டைச் சுழித்து, கசைஜாவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கணம் துசிமே, "ஐயோ, இது நான்!" என்று அலறினாள்.

கசைஜா மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கூர்ந்து பார்த்தான். "நல்லா இருக்கு. ஆனா தோளை இன்னும் கொஞ்சம் தூக்கணும். நான் சொல்லித் தரேன், வா" என்றான்.